ஓ.பி.யில் மருத்துவம் கற்பது: புறநோயாளிப் பிரிவுப் பயிற்சி ஓர் அறிமுகம்

மருத்துவமனைக்கு வந்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புபவர் புறநோயாளி. படுக்கையில் சேர்க்கப்பட்டுச் சிகிச்சை பெறுபவர் உள்நோயாளி. மருத்துவ மாணவர் இருவரிடமும் கற்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் நெடுங்காலமாக மருத்துவக் கல்வி வார்டையே தன் வகுப்பறையாகக் கொண்டிருக்கிறது. ஓ.பி. என்று எல்லோரும் அழைக்கும் புறநோயாளிப் பிரிவோ, மாணவர்கள் சுவரோரம் நின்றுவிட்டு வருகைப்பதிவில் கையெழுத்திட்டுப் போகும் இடமாகவே பெரும்பாலும் இருந்துவருகிறது. அதை முறையான பயிற்சிக்களமாக ஆக்குவது என்றால் என்ன, அதற்கு ஏன் தேவை வந்தது, கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அது நடைமுறைக்கு வருமா என்பவற்றை, மருத்துவக் கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்தவருக்கும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் புரியும்படி இங்கே பார்க்கலாம்.

தேவையிலிருந்து தொடங்குவோம். 1961-இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். வயதுவந்தோர் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களில் சுமார் 750 பேருக்கு ஏதேனும் ஓர் உடல்நலக் குறை நேர்கிறது. 250 பேர் மருத்துவரை நாடுகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர். 2001-இல் வேறொரு குழு இதே கணக்கைப் புதிய தரவுகளோடு மீண்டும் போட்டுப் பார்த்தபோதும், கடைசிப் படியில் நின்றவர் ஒருவருக்கும் குறைவுதான். மாணவர் தம் பயிற்சிக் காலம் முழுவதும் அந்த ஒருவரின் படுக்கையைச் சுற்றி நின்று கற்றுவிட்டு, பட்டம் பெற்றபின் மற்ற 249 பேருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார். இந்தப் பொருத்தமின்மைதான் ஓ.பி. பயிற்சியைப் பற்றிய பேச்சு அனைத்துக்கும் ஆதாரம்.

தமிழ்நாட்டு நிலைமை இதில் ஒரு வகையில் சாதகமானது என்றே சொல்வேன். இங்கிலாந்தில் பெரிய மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரைப் பார்க்க, பொதுவாகக் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும். சளி பிடித்தவரும், சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்தவரும், வேறு ஊர் மருத்துவமனை கைவிரித்து அனுப்பியவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். நிர்வாகத்துக்கு இது பெரும் தலைவலி. ஆனால் சாதாரண நோயைக் கற்க மாணவர் எங்கோ தேடிப் போக வேண்டியதில்லை. அது கல்லூரியின் வாசலுக்கே வந்து காலை ஏழரை மணி முதல் காத்திருக்கிறது.

வார்டுக்கும் ஓ.பி.க்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, நோய்க்குப் பெயர் வைக்கப்பட்டுவிட்டதா இல்லையா என்பதில் இருக்கிறது. வார்டில் மாணவர் சந்திக்கும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் நோயின் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஹவுஸ் சர்ஜன் எனப்படும் பயிற்சி மருத்துவர் பரிசோதித்திருப்பார், பி.ஜி. எனப்படும் மேற்படிப்பு மருத்துவர் பார்த்திருப்பார், யூனிட் சீஃப் எனப்படும் மருத்துவக் குழுத் தலைவர் முடிவு சொல்லியிருப்பார். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் போடுவது போன்றது அது. ஓ.பி.யில் வந்து உட்காருபவரிடம் இருப்பது ‘மூணு நாளா அசதி’, ‘கை மரத்துப்போகுது’, ‘படபடன்னு வருது’ என்ற ஒரு வரி மட்டுமே. அதிலிருந்து தொடங்கி, எதைக் கேட்க வேண்டும், எதை விட்டுவிடலாம், உடம்பில் எந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், யாரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம், யாரை இப்போதே வார்டில் சேர்க்க வேண்டும் என்று அடுக்கடுக்காக முடிவெடுக்கும் திறன், பெயர் எழுதிய கேஸ் ஷீட்டிலிருந்து வருவதில்லை.

இந்தத் திறனில் பெரும்பங்கு, நோயாளி சொல்வதைக் கேட்பதில்தான் இருக்கிறது. 1975-இல் இங்கிலாந்தில் ஹாம்ப்டனும் அவருடைய குழுவினரும் புதிதாக வந்த 80 புறநோயாளிகளை ஆராய்ந்தார்கள். பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளியிடம் விசாரித்து முடித்த அளவிலேயே மருத்துவர் செய்த கணிப்பு, 66 பேரிடம் இறுதி முடிவோடு ஒத்துப்போனது. உடற்பரிசோதனை 7 பேரிடமும், ஆய்வகச் சோதனைகள் 7 பேரிடமும் மட்டுமே கணிப்பைத் திருத்தின. மறுபுறம், 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் ஆகிய இருவரும் 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தபோது, நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுவது தெரிந்தது. எது அதிகம் பயன் தருகிறதோ அதைத்தான் முதலில் வெட்டுகிறோம் என்பதை இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் மாணவர் தாமே உணர்வார்.

காலமும் ஓ.பி.யில் வேறு விதமாக ஓடுகிறது. டெங்கு காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டில் டெங்கு என்பது தட்டணுக்களின் எண்ணிக்கையும் சலைன் அளவும் வரிசையாக எழுதப்பட்ட ஒரு தாள். ஓ.பி.யில் அது இரண்டாம் நாள் காய்ச்சலோடும் உடல்வலியோடும் வந்த ஒரு கல்லூரிப் பெண். அவரைப் போலவே வரிசையில் இன்னும் பலர். அத்தனை பேரையும் சேர்த்துக்கொள்ளப் படுக்கை இல்லை. சேர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே மாணவர் கற்க வேண்டியது, வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புவது என்பதை. டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் தணியும் வேளையில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் வருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரம் அதுவே. ஆகவே கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, அளவு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், காய்ச்சல் இல்லை என்று இருந்துவிடாமல் உடனே வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்து அனுப்ப வேண்டும். ‘மூணு நாள் கழிச்சு வாங்க’ என்பது அறிவுரை ஆகாது.

நாள்பட்ட நோய்கள் தரும் பாடம் இன்னொரு வகை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வருபவரின் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதை மேசைமேல் கொட்டச் சொல்லிப் பார்க்க மாணவரைப் பழக்க வேண்டும். பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள், போன மாதத்து மிச்சம், பக்கத்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரை, பெயரே இல்லாத ஒரு பொடி என்று சீட்டில் எழுதப்படாத பலவும் அதில் இருக்கும். ஒரு நாளுக்கு இரண்டு என்று எழுதிய மாத்திரையில் பாதி மிஞ்சியிருந்தால், இன்னொரு மாத்திரையைக் கூட்டி எழுதுவதற்குமுன் ஏன் மிஞ்சியது என்று கேட்க வேண்டும். இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டதால் மாத்திரையையும் விட்டவர் இருப்பார். அடுத்த முறை வரப் பேருந்துக்குக் காசு இருக்குமோ இருக்காதோ என்று இருப்பதை நீட்டித்துச் சாப்பிட்டவரும் இருப்பார். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்வதன் பொருத்தம், இந்தப் பைகளைப் பார்த்த மாணவருக்கு விளக்காமலே விளங்கும்.

இரத்த அழுத்தம் பார்ப்பதும் அப்படித்தான். நோயாளி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்ந்தபின், முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து, வெறும் கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது. நடப்பில், மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்குபவரின் சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றுகிறோம்; கிடைத்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டுகிறோம். ஆஸ்துமாக்காரர் மருந்து பலன் தரவில்லை என்று வந்தால், அவர் கொண்டுவந்த இழுப்பானையே கொடுத்துத் தம் முன்னால் இழுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். பொடியுள்ள கேப்சூலைப் போட்டுத் திருகும் கருவிக்குள் இழுப்பதற்குப் பதிலாக ஊதுபவர்கள், இழுத்த மூச்சைச் சில வினாடி அடக்காமல் உடனே விடுபவர்கள், கேப்சூலை வாயில் போட்டு விழுங்கிவிடுபவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மூன்றாம் ஆண்டு மாணவர் தாராளமாகப் போதும், அதற்கு நேரமும் அந்த அறையில் அவருக்குத்தான் இருக்கிறது.

இனி, பெரிய தடையான நேரத்துக்கு வருவோம். 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 67 நாடுகளில், நோயாளி முதலில் நாடும் ஆரம்பநிலைச் சிகிச்சை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரத்தை ஒப்பிட்டது. சுவீடனில் அது இருபத்திரண்டரை நிமிடம். வங்கதேசத்தில் 48 வினாடி. நம் அரசு ஓ.பி.யில் காலையில் உட்காரும் மருத்துவர் எந்த முனைக்கு அருகில் இருக்கிறார் என்பதை வரிசையில் நின்ற எவரும் சொல்லிவிடுவார். இந்த வேகத்தில் எட்டு மாணவர்களுக்குப் பாடமும் சொல்லுங்கள் என்றால், அவர் சிரித்துவிட்டு ‘நின்னு பாருங்கப்பா’ என்றுதான் சொல்வார். அந்த நின்று பார்த்தலில் கற்பது மிகக் குறைவு. மருத்துவரின் மனத்துக்குள் நடக்கும் கணிப்பு வெளியே கேட்பதில்லை, மாணவருக்குத் தெரிவதெல்லாம் சீட்டில் எழுதப்படும் மாத்திரையின் பெயர்தான்.

இதற்கு ஆசிரியர்கள் கண்ட வழிகளில் எளிமையானது, எல்லா நோயாளிகளிடமும் கற்பிக்க முயலாமல் இருப்பது. ஒரு காலையில் மூன்று பேர் போதும். வரிசையிலிருந்து அவசரமில்லாத ஒருவரை, அவருடைய சம்மதத்தோடு, அறையின் மூலையில் ஒரு மாணவரிடம் ஒப்படைத்துப் பத்து நிமிடம் விட்டுவிட்டால், அதற்குள் மருத்துவர் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு மாணவர் அந்த நோயாளியோடு மேசைக்கு வந்து தாம் அறிந்ததைச் சொல்வார். ஆசிரியருக்குச் செலவாவது கடைசி இரண்டு மூன்று நிமிடங்கள் மட்டுமே. அவற்றை எப்படிச் செலவிடுவது என்பதற்கு 1992-இல் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை வகுத்தார்கள். ஒரு நிமிட ஆசிரியர் என்று அதற்குப் பெயர். ஒரு நிமிடம் என்பது சற்றே பேராசை; மற்றபடி அது பலன் தரும் முறை.

ஓர் உதாரணம் கொண்டு பார்க்கலாம். கோயம்பேட்டில் காய்கறி மூட்டை தூக்கும் 54 வயதுக்காரர் ஒருவர், இரண்டு வாரமாக நெஞ்செரிச்சல், வாயு மாத்திரை வேண்டும் என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி அவரிடம் பேசிவிட்டு வந்து எல்லாவற்றையும் ஒப்பித்து நிறுத்துகிறார். ஆசிரியை உடனே பதிலைச் சொல்லிவிடாமல், ‘நீ என்னம்மா நினைக்கிற?’ என்று கேட்கிறார். மாணவியை ஒரு முடிவுக்குக் கட்டுப்பட வைப்பதுதான் முதல் படி.

‘அல்சரா இருக்கலாம் மேடம்.’

‘எதை வச்சுச் சொல்ற?’ என்பது இரண்டாம் படி. முடிவுக்கு ஆதாரம் கேட்பது.

‘எரிச்சல்னு சொல்றார் மேடம். நேரத்துக்குச் சாப்பிடறதில்ல. பீடி குடிக்கிறார்.’

‘எரிச்சல் எப்ப வருதாம்?’

‘மூட்டை தூக்கும்போது. உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல போயிடுதாம்.’ சொல்லி முடிப்பதற்குள் மாணவியின் முகத்திலேயே மாற்றம் தெரிகிறது. ‘சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னும் சொன்னார் மேடம்.’

இந்த இடத்தில் ஆசிரியை மூன்றாம் படிக்குப் போகிறார். எங்கும் எடுத்துச்செல்லக்கூடிய ஒரே ஒரு பொதுவிதியைச் சொல்கிறார். உழைக்கும்போது வந்து ஓய்ந்தால் அடங்கும் நெஞ்சு உபாதையை, எரிச்சல் என்றாலும் இறுக்கம் என்றாலும் வாயு என்றாலும், வேறு காரணம் உறுதியாகும் வரை இதயத்தின் உபாதையாகவே கருத வேண்டும். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. இயல்பாக இருப்பதால் மட்டும் அந்த ஐயம் தீர்ந்துவிடாது. அண்மையில் புதிதாகத் தொடங்கியது என்றால் அன்றைக்கே தீர விசாரித்தாக வேண்டும். மாரடைப்பைப் பற்றி அரைமணி நேர விரிவுரையாற்றும் ஆசையை ஆசிரியை இங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். நான்காம் படியில் சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்கிறார்: வலி எப்போது வருகிறது, எப்படிப் போகிறது என்று மாணவி தாமாகவே கேட்டிருக்கிறார், அந்தக் கேள்விதான் நோயாளியைக் காப்பாற்றியது. ‘நல்லா பண்ணம்மா’ என்ற பொதுவான பாராட்டு இன்பமாக இருக்கும். அதிலிருந்து மறுமுறை எதைச் செய்வது என்று தெரியாது. ஐந்தாம் படி திருத்தம்: நோயாளி தம் நோய்க்கு வைத்துக்கொண்டு வந்த பெயரையே மாணவியும் ஏற்றுக்கொண்டு, கையிலிருந்த சான்றை ஒதுக்கிவிட்டார். பேச்சு இங்கே முடிகிறது. மூட்டை தூக்குபவர் சக்கர நாற்காலியில் இ.சி.ஜி. அறைக்கும், அங்கிருந்து இதயநோய்ப் பிரிவுக்கும் போகிறார். மாணவி கூடவே போகிறார்.

கேள்விகள் ஆசிரியரிடமிருந்தே வர வேண்டும் என்பதில்லை. 2003-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஸ்நாப்ஸ் என்ற ஆறுபடி முறையில், சுருக்கமாகச் சொல்வது, இரண்டு மூன்று நோய்களாகக் குறுக்குவது, அவற்றை ஒப்பிடுவது, தமக்குத் தெரியாததை ஆசிரியரிடம் கேட்பது, சிகிச்சைத் திட்டம் சொல்வது, அன்று படிக்க ஒரு பொருளைத் தேர்ந்துகொள்வது எல்லாமே மாணவரின் பொறுப்பு. ஹவுஸ் சர்ஜன் நிலைக்கு வந்தவர்களுக்கு இது பொருந்தும். நம்மூரில் ஆசிரியரிடம் ‘எனக்கு இது தெரியவில்லை’ என்று வாய்திறக்கவே தயங்கும் மாணவர்கள் மிகுதி என்பதால், நான்காம் படிக்கு மட்டும் ஆசிரியர் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

நோயாளி இதில் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வார்டில் இருப்பவருக்கு நாள் முழுவதும் இருக்கிறது, ஓ.பி.க்கு வந்தவர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆகவே ‘ஐயா, நான் மாணவன், உங்களைப் பெரிய டாக்டர் பார்ப்பார், அதற்குமுன் நான் பத்து நிமிடம் பேசலாமா?’ என்று கேட்பதும், வேண்டாம் என்றால் அவருக்கான இடம் வரிசையில் போய்விடாது என்று உறுதி சொல்வதும் பயிற்சியின் முதல் பாடங்கள். வெள்ளைப்படுதல், காசநோய், மனச்சோர்வு போன்றவற்றை வரிசையில் நிற்பவர் காதில் விழும்படி கேட்கக் கூடாது. பெண்களைப் பரிசோதிக்கும்போது செவிலியரோ உடன் வந்த பெண்ணோ அருகில் இருக்க வேண்டும். இருமலோடு வருபவர்கள் நிறைந்த அறையில் ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா, மாணவர் முகக்கவசம் அணிந்திருக்கிறாரா என்று பார்ப்பதும் ஆசிரியரின் கடமையே. மருத்துவ மாணவர்களுக்குக் காசநோய் தொற்றுவது இந்நாட்டில் அரிதான செய்தியன்று.

இவ்வளவையும் செய்தபின்னும் ஒரு குறை நிற்கிறது. ஓ.பி.யில் ஒருவரை ஒருமுறை பார்த்த மாணவருக்கு, கதை பிறகு எப்படிப் போனது என்று தெரிவதில்லை. யூனிட்டின் ஓ.பி. நாள் வாரத்தில் இன்ன கிழமை என்று இருக்கும். நோயாளி திரும்பி வரும்போது மாணவர் வேறு துறைப் பயிற்சிக்குப் போயிருப்பார். இதற்கு மாற்றாக, அமெரிக்காவின் மினசோட்டாவில் 1971 முதல் மாணவர்களைப் பல மாதங்கள் ஒரே சிற்றூரின் மருத்துவர்களோடு தங்கவைத்துப் பயிற்றும் திட்டம் நடந்துவருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997-இல் அத்தகைய ஒன்றைத் தொடங்கியது. துறைக்குத் துறை தாவாமல், ஒரே நோயாளிகளை மாதக்கணக்கில் தொடர்வதே அவற்றின் சாரம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தன் மாணவர்களைத் தொடக்கத்திலேயே கிராமங்களில் தங்கவைத்து வீடுவீடாகப் போகப் பழக்குவது நீண்டகால வழக்கம். இந்தியா முழுமைக்கும் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திக்கும் ஏற்பாட்டையும், நோயாளியோடு பேசும் முறைக்கும் மருத்துவ அறத்துக்கும் தனிப் பாடப்பகுதியையும் கொண்டுவந்தது. பின்னர் சேர்க்கப்பட்ட குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைப் படிப்புக் காலத்தில் தொடர்ந்து பார்த்துவர வேண்டும். முகாம் நடத்திப் புகைப்படம் எடுத்து லாக்புக் என்ற பயிற்சிப் பதிவேட்டில் ஒட்டுவதோடு அது நின்றுவிடுகிறதா, அந்தக் குடும்பத்துப் பாட்டியின் சர்க்கரை அளவு சென்ற மாதம் என்ன என்று மாணவருக்குத் தெரிகிறதா என்பதில்தான் அதன் பயன் அடங்கியிருக்கிறது. பெரிய ஏற்பாடுகள் இல்லாமலும் ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு பயிற்சிக் காலத்திலும் ஒரே ஒரு நோயாளியின் ஓ.பி. எண்ணையும் மறுவருகை நாளையும் குறித்துக்கொண்டு, அந்த நாளில் எந்தத் துறையில் இருந்தாலும் அரைமணி நேரம் அனுமதி கேட்டு வந்து அவரைப் பார்ப்பது.

கடைசியாகத் தேர்வு. மாணவர் எதைப் படிப்பார் என்பதைப் பாடத்திட்டத்தைவிடத் தேர்வுதான் முடிவு செய்கிறது. இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் வைக்கப்படும் கேஸ்கள், பக்கவாதம், இதய வால்வுக் கோளாறு, நெஞ்சில் நீர்கோத்தல், கல்லீரல் சுருக்கம் என்று வார்டில் கிடைப்பவையாகவே இருக்கும்வரை, ஓ.பி.யில் நிற்கும் மாணவரின் கண் வார்டின் மேல்தான் இருக்கும்; ‘நல்ல கேஸ் வந்திருக்கு’ என்று தோழர் தகவல் அனுப்பினால் ஓடிவிடுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. மாணவர் உண்மையான நோயாளியோடு பேசிப் பரிசோதிப்பதை ஆசிரியர் பதினைந்து இருபது நிமிடம் அருகிருந்து கவனித்து, ஒரு படிவத்தில் மதிப்பிட்டு, அங்கேயே குறைநிறை சொல்லும் மினி சி.இ.எக்ஸ். என்ற முறையை ஜான் நார்சினியும் குழுவினரும் 1995-இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார்கள். அதற்குத் தேவை ஒரு நோயாளி, ஒரு படிவம், ஓர் ஆசிரியரின் இருபது நிமிடம். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை இப்படி ஓ.பி.யில் வைத்தே வழங்கும் துறைகளில், மாணவர்கள் ஓ.பி. நாளன்று நேரத்துக்கு வந்து முன்வரிசையில் நிற்கக் காரணம் இருக்கும்.